பழைய காருக்கு எந்தப் பூச்சு?

பெங்களூரில் அல்சூர் ஏரியைக் கடந்து பழைய சென்னைச் சாலையில் கிழக்கு நோக்கிச் செல்வோர்க்கு மர்பி டவுன் புதிய இடம் அன்று. முன்னாளில் நாக்ஸ்பேட்டை என்று வழங்கிய இப்பகுதி, பின்னர் மர்பி என்னும் பொறியாளரின் பெயரைப் பெற்றது. கண்டோன்மென்டைச் சார்ந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம் இது. சந்தைக்குள் நுழைந்தால் கன்னடமும் தமிழும் ஒரே பேரத்தில் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். சென்னைச் சுரங்கப் படையினரின் தலைமையகமும், சோமேசுவரர் கோயிலும், படைத்துறையின் பெரிய பட்டறையும் அருகருகே இருப்பதால், இரும்பை அறிந்த கைகளுக்கு இங்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை.

இந்த மர்பி டவுனின் சந்து ஒன்றில், ஒரு தகரக் கொட்டகையின் கீழ், பல ஆண்டுகளாகத் தார்ப்பாய் போர்த்து நின்ற கார் ஒன்றைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறோம். அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் உடையவர் நம் நண்பர். கடைசல் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சிறு ஒப்பந்தங்கள் எடுத்து வாழ்ந்த அவருடைய தந்தையார் சென்னையில் பழைய வண்டியாக அதை வாங்கி, சித்தூர், முல்பாகல், கோலார் வழியாகத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாராம். எஞ்சினைச் சீர் செய்தாகிவிட்டது. டிங்கர் தகடுகளைத் தட்டி நிமிர்த்தத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் வர்ணம் பூசும் மேஸ்திரி ஒரு கேள்வியைப் போட்டார்.

“அண்ணே, டூக்கோவா, பி.யூ.வா? இப்பொழுதே சொல்லிவிடுங்கள். அடியில் போடுவது அதைப் பொறுத்தது.”

நம் நண்பர் ஒரு வாரம் விடை சொல்லவில்லை. சிறிய கேள்விபோலத் தோன்றும் இதற்குள் எத்தனை செய்திகள் அடங்கியிருக்கின்றன என்பதை அந்த ஒரு வாரத்தில் நாமும் உடனிருந்து அறிந்தோம். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் கல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் வாழும் நம்மவர் வீடுகளிலும், அப்பா வாங்கிய கார் என்று ஒன்று விற்க மனமின்றி நின்றுகொண்டிருக்கக் கூடும். அவர்களுக்கு இப்பேச்சு பயன்படலாம்.

ஹெரால்டைப் பற்றி முதலில் சில சொற்கள். சென்னையில் 1948-ஆம் ஆண்டளவில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், வண்டலூரை அடுத்த தன் தொழிற்சாலையில் வான்கார்டு, டென் முதலிய கார்களைச் செய்துவந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, இங்கு 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகப் பிறந்து 1971 வரை வெளிவந்தது. அம்பாஸடர் கல்கத்தாவுக்கு அருகே உத்தரப்பாராவிலும், பியட் பம்பாய்க் குர்லாவிலும் உருவான காலத்தில், தமிழ்நாட்டுக்கென்று இருந்த கார் இதுவே. மிக்கெலோத்தி என்ற இத்தாலியக் கலைஞர் இதன் உருவத்தை வரைந்தார். இதன் உடல் ஒரே வார்ப்பாக அமைந்ததன்று. தகடுகள் தனித்தனியே போல்ட்டு கொண்டு சட்டகத்தின் மேல் பூட்டப்பட்டவை. முன்புற பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது வேலைக்கு வரும்.

இனிப் பூச்சின் கதைக்கு வருவோம். மோட்டார் வண்டி பிறந்த நாளில் அதற்கென்று தனி வர்ணம் ஏதுமில்லை. குதிரை வண்டிக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெய் வர்ணத்தையும் வார்னிஷையுமே தூரிகையால் பூசினர். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து, தேய்த்து, மறுபூச்சு ஏறி முடிய மூன்று நான்கு வாரங்கள் ஆகும். போர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை தன் கார்களைக் கருப்பு நிறத்தில் மட்டுமே விற்ற வரலாற்றைப் பலரும் அறிவர். விரைவையும் சிக்கனத்தையும் நாடிய அத்தொழிற்சாலைக்குச் சூளையில் சுட்டு உலர்த்திய கருப்புப் பூச்சு பொருந்தி வந்தது.

இந்நிலையை மாற்றியது பஞ்சு. பருத்திக் கொட்டையை ஒட்டியிருக்கும் குறும் பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து பதப்படுத்தினால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கிறது. முதல் உலகப் போரில் இவ்வகைப் பொருளே புகையற்ற வெடிமருந்தாகப் பீரங்கிகளுக்குள் சென்றது. போர் 1918-இல் முடிந்ததும், அதைச் செய்துவந்த ஆலைகளுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் அதை வர்ணமாக்கி, 1923-இல் ‘டூக்கோ’ என்ற பெயரில் வெளியிட்டது. வாரக் கணக்கில் காய்ந்த பூச்சு மணிக் கணக்கில் காய்ந்தது. அப்பெயர் நம் நாட்டில் எவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது என்றால், கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடிக்கும் பூச்சையும் ‘டூக்கோ’ என்றே அழைக்கிறோம். கடைக்காரர் இதை என்.சி. பெயிண்ட் என்பார். இரண்டும் ஒன்றே.

இந்த என்.சி. பூச்சு காயும் முறை எளிது. அதனுடன் கலந்த தின்னர் ஆவியாகிப் போக, எஞ்சியது தகட்டில் படிந்துவிடும். வேறு இரசாயன மாற்றம் ஏதும் நிகழ்வதில்லை. ஆகவே பத்தாண்டுகளுக்குப் பின்னும் அதே தின்னர் பட்டால் மீண்டும் இளகும். இது குறையும் ஆகும்; நிறையும் ஆகும். பெட்ரோல் சிந்தினால் கறை படியும், வெயிலில் மங்கும், நாளடைவில் மயிரிழை போல் வெடிப்பு விடும் என்பவை குறை. ஒரு மூலையில் கீறல் விழுந்தால் அந்த மூலையை மட்டும் தேய்த்து, மீண்டும் பூசி, பழையதோடு விளிம்பு தெரியாமல் கரைத்து இணைத்துவிடலாம் என்பது நிறை. தொட்டால் ஒட்டாத அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உலர்ந்துவிடுவதால், தூசு பறக்கும் சந்திலும் பூசலாம். ஆனால் ஒவ்வொரு பூச்சும் மிக மெல்லியது. எட்டு முதல் பன்னிரண்டு முறை அடித்து, இடையிடையே தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, சில வாரம் ஆற விட்டு, இறுதியில் காம்பவுண்டு போட்டுக் கையால் மெருகேற்ற வேண்டும். இவ்வளவும் செய்த பின் வரும் பளபளப்பு ஆழமானது, கண்ணை உறுத்தாதது. பழைய புகைப்படங்களில் நாம் காணும் கார்களின் ஒளி இத்தகையதே.

பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் பூச்சு வேறு குலம். வர்ணம் ஒரு டப்பாவிலும் அதை இறுகச் செய்யும் ஹார்டனர் மற்றொரு டப்பாவிலும் வரும். இரண்டையும் அளவாகக் கலந்தவுடன் இரசாயன வேலை தொடங்கிவிடும். சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். இறுகிய பின் தின்னரோ பெட்ரோலோ அதை எளிதில் அசைக்க முடியாது. இரண்டு மூன்று பூச்சிலேயே கண்ணாடி போன்ற பளபளப்பு வந்துவிடுகிறது. 1970-க்குப் பின்னர் உலகெங்கும் பட்டறைகளில் இது பரவியதற்குக் காரணம் வெளிப்படை. அதன் மீது நிறமில்லாத மேற்பூச்சு ஏற்றும் வழக்கம் 1980-களில் பரவியது. இன்று நாம் வாங்கும் புதுக் கார்களில் நிறம் ஒரு படலம், பளபளப்பு மற்றொரு படலம். அந்தக் காலக் கார்களில் நிறமும் பளபளப்பும் ஒரே படலத்திலிருந்து வந்தவை. ஐம்பதாண்டு வயதான ஹெரால்டு ஒன்றைப் புதுக் கார் போலப் பளபளக்கச் செய்தால், பார்ப்பவர்க்குக் காரணம் விளங்காமலே ஏதோ பொருந்தாமை தோன்றுவது இதனால்தான். பாட்டியின் கெட்டிச் சங்கிலிக்குப் புதிதாகத் தங்க முலாம் பூசியதுபோல் இருக்கும்.

அழகை மட்டும் கருதினால் விடை எளிதாகியிருக்கும். ஆனால் மேஸ்திரியின் கொட்டகையையும் நாம் கருத வேண்டியிருந்தது. அதற்கு மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் திறப்பு. பத்தடி தள்ளி அடுத்த வீட்டு வாசல். அங்கே மாலையில் பிள்ளைகள் விளையாடுவர். மேஸ்திரி மூக்கில் கட்டுவது ஒரு கைக்குட்டை. முப்பதாண்டுகளாக அதுவே அவருக்குப் பாதுகாப்பு.

பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வகைப் பொருள் உண்டு. 1984-இல் போபாலில் வெளிப்பட்ட நச்சுவாயுவும் பெயரளவில் இக்குலத்தைச் சேர்ந்ததே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல, கொடுமையும் ஒரே அளவினதன்று. வர்ண ஹார்டனர் அவ்வாறு ஊரையே மாய்ப்பதில்லை. அது மூச்சுக் குழலைப் பழக்கிவிடுகிறது. தெளிக்கும்போது எழும் நுண்துளிகளைச் சில மாதமோ சில ஆண்டோ சுவாசித்த ஒருவருடைய உடல், ஒருநாள் அதனைப் பகையாகக் கொண்டுவிடும். அதன் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் இழைப்பு வரும். பகலில் பூசியவருக்கு இரவில் மூச்சுத் திணறல் வருவதும் உண்டு; ஆகையால் காரணம் புலப்படாமலே போய்விடுகிறது. பிரிட்டனில் தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாக இது நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. கெடுதி செய்யும் அளவிலும் இதற்கு மணம் தெரியாது என்பது இதிலுள்ள சூழ்ச்சி. தின்னர் மூக்கைத் துளைக்கும்; மனிதன் விலகிக்கொள்வான். ஐசோசயனேட் எச்சரிப்பதில்லை.

ஆகவே பி.யூ. அடிக்க விரும்புவோர், காற்றை உறிஞ்சி வடிகட்டி வெளியேற்றும் தனி அறையும், வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே முகத்துக்குக் கொண்டுவரும் முகமூடியும் உள்ள பட்டறைக்கே போக வேண்டும். கடையில் விற்கும் கரி வடிகட்டி முகமூடி, என்.சி. பூச்சின் தின்னர் ஆவிக்கு ஓரளவு துணை செய்யும். ஐசோசயனேட்டுக்கு அதை நம்ப முடியாது. கைக்குட்டையோ எதற்கும் ஆகாது.

மேஸ்திரி இதைக் கேட்டுவிட்டு, “என் மகன் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழாய் முகமூடி இருக்கிறது. நான்தான் சிரித்தேன்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் இருமினார்.

என்.சி. பூச்சு மட்டும் குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. அதில் கரைப்பான் மிகுதி. எட்டுப் பத்து முறை அடிப்பதால் அவ்வளவு ஆவியும் காற்றில் கலக்கிறது, தலைவலியும் மயக்கமும் தருகிறது. வெடிமருந்தின் உறவாதலால் தீயையும் எளிதில் பற்றும். பக்கத்தில் ஸ்டவ் எரிய, பீடி புகைய, என்.சி. அடிக்கும் பட்டறைகளை நாம் பார்த்திருக்கிறோம். அங்கெல்லாம் இதுவரை தீப்பிடிக்காததற்குத் திறமை காரணம் அன்று.

இனி ஒரு செய்தி. இது பூசுவதைவிட உரிப்பதில் இருக்கிறது; பலரும் கவனியாதது.

பழைய காரின் உண்மை நிறத்தை அறிய வேண்டுமானால், வெளித் தகட்டைப் பார்த்துப் பயனில்லை. கண்ணாடி ரப்பரின் அடி, கையுறைப் பெட்டியின் உட்புறம், கதவு அட்டையின் பின்புறம், டாஷ்போர்டின் கீழ் ஆகிய இடங்களில் தொழிற்சாலைப் பூச்சு தப்பியிருக்கும். வேறொரு வழியும் உண்டு. மறைவான ஓரிடத்தில் நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்கள் போல ஒவ்வொரு படலமும் ஒரு வளையமாகத் தெரியும். நம் நண்பரின் ஹெரால்டில் டிக்கியின் உதட்டில் அவ்வாறு தேய்த்தோம். மேலே வெள்ளை. அதன் கீழ் பச்சை. அதன் கீழ் சாம்பல் கலந்த நீலம். பின்னர் பிரைமர், இறுதியில் இரும்பு.

வெள்ளையை நண்பரே 1990-களில் அவசரத்துக்கு அடித்தவர். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. நீலம் சென்னைத் தொழிற்சாலை இட்டது. பச்சையோ, அக்காளின் திருமணத்துக்காக அவர் தந்தையார் பூசச் செய்தது. மணமக்கள் ஊர்வலம் போனது அந்தப் பச்சை வண்டியில். நண்பரின் நினைவில் உள்ள காரும் அதுதான்; நீல வண்டியை அவர் கண்டதே இல்லை.

இங்கே இரு வழிகள் பிரிகின்றன. போட்டிகளிலும் ஊர்வலங்களிலும் பழைய கார்களை மதிப்பிடுவோர், தொழிற்சாலையிலிருந்து வந்த நிறத்தையே விரும்புவர். தில்லியில் 1964-இலும் கல்கத்தாவில் 1968-இலும் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் ஊர்வலங்கள் முதல் இம்மரபு நம் நாட்டில் வளர்ந்திருக்கிறது. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தவர்க்கு, ஒரு காலத்தின் நிறங்கள் எப்படி இருந்தன என்பதைக் கண்ணாரக் காண்பது எத்துணைப் பயனுடையது என்பது தெரியும். மறுபுறம், ஒரு குடும்பத்தில் வாழ்ந்த வண்டிக்கு அக்குடும்பம் இட்ட நிறமும் வரலாறே அன்றோ? பரிசுக்காக வண்டி வைத்திருப்பவர் நீலத்தை நாடட்டும். அப்பாவுக்காக வைத்திருப்பவர் பச்சைக்குத் திரும்பினால் அதைப் பிழையென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் பச்சை ஒரு தொல்லையையும் உடன் கொண்டுவந்தது. அந்நாளைய பச்சை வர்ணங்கள் பலவும், ஈயக் குரோமேட் என்னும் மஞ்சளையும் பிரஷ்ய நீலத்தையும் கலந்து செய்யப்பட்டவை. பிரைமரிலும் ஈயம் இருந்திருக்கக் கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்த ஈயம் மாவாகப் பறந்து, சந்தின் தரையில் படியும். தரையிலிருந்து பிள்ளைகளின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும். வளரும் குழந்தையின் மூளைக்கு ஈயம் செய்யும் கேடு மீட்க இயலாதது. பெங்களூரின் புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் ஈய நச்சுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு மையம் அமைந்தது என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். பெட்ரோலிலிருந்து ஈயம் 2000-இல் நாடெங்கும் நீக்கப்பட்டது. வீட்டு வர்ணங்களில் பத்து இலட்சத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்னும் விதி 2016-இல் பிறந்து, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் இனிச் செய்யும் பொருளைப் பற்றியவை. பழைய காரின் மேல் ஏற்கெனவே இருப்பதற்கு யாரும் விதி செய்ய முடியாது, தேய்ப்பவனே பொறுப்பு.

நாம் செய்தது இது. உலர் தேய்ப்பு அறவே கூடாது என்று முடிவாயிற்று. கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. தண்ணீர் விட்டே தேய்த்தல். வழிந்த குழம்பைச் சாக்கடையில் கழுவி விடாமல், படிய விட்டு, வண்டலை டப்பாவில் அடைத்தல். தேய்த்த சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. கை கழுவாமல் வெற்றிலை போடக் கூடாது. வெற்றிலை விதிக்கு மேஸ்திரியிடமிருந்து எதிர்ப்பு வந்தது. அடுத்த வீட்டம்மாளிடம் சொல்லி, அந்த நாள்களில் பிள்ளைகளை வேறு சந்தில் விளையாடச் செய்தோம். வர்ணத்தை உரிக்கும் இரசாயனக் குழம்புகள் சில அடைத்த இடத்தில் உயிருக்கே ஆபத்தானவை. மணல் வீசி உரிப்பது மெல்லிய தகட்டை நெளிய வைத்துவிடும். கையும் தண்ணீரும் மெதுவானவையே. ஆயினும் அவற்றையே நாம் தேர்ந்தோம்.

பழைய பூச்சை முழுவதும் எடுக்காமல் மேலேயே அடிக்கலாகாதா என்று கேட்பவர் உண்டு. கீழே எண்ணெய் எனாமல் இருந்து, மேலே என்.சி. அடித்தால், அதன் கடுமையான தின்னர் கீழ்ப் படலத்தை இளக்கிச் சுருக்கிக் கிளப்பிவிடும். வெந்த பால் ஆடை போலாகும். கீழே பழைய என்.சி. இருந்து மேலே பி.யூ. அடித்தாலும் நம்ப முடியாது. அடிப்படலம் அசையும், மேற்படலம் வெடிக்கும். கீழே இருப்பது எது என்று அறிய ஒரு பஞ்சில் தின்னரை நனைத்துத் தேய்த்துப் பார்த்தால் போதும். வர்ணம் கரைந்து பஞ்சில் ஒட்டினால் அது என்.சி.

அடுத்துப் பருவம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையின் புழுக்கம் இங்கில்லை என்று நம்பி, நாம் ஒருமுறை ஏமாந்தோம். பல ஆண்டுகளுக்கு முன் நமது அம்பாஸடருக்கு ஒரு பட்டறையில் ஐப்பசி மழைக்கிடையே கருப்பு என்.சி. அடிக்கச் செய்தோம். மறுநாள் காலை கார் முழுவதும் வெள்ளைப் பூசணம் பூத்ததுபோல் இருந்தது. தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகட்டைக் குளிரச் செய்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனியாகப் படிந்து, படலத்துக்குள் சிக்கி, வெளுத்துவிடுகிறது. மெல்ல ஆவியாகும் தின்னரைச் சிறிது கலந்து மேலே மெல்லியதாக அடித்தால் ஓரளவு சரியாகும். நம் கார் சரியாகவில்லை. பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்கள். தை பிறந்த பின் சித்திரை வரை உள்ள காலமே என்.சி. பூச்சுக்கு உகந்தது. சென்னையிலும் பம்பாயிலும் உள்ளோர் தங்கள் ஊர் மழையை எண்ணி நாள் குறித்துக்கொள்ளலாம்.

அரசாங்க விதிகளையும் விட்டுவிட முடியாது. காரின் நிறம் ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். அதற்கு மாறான நிறம் அடிப்பவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். நம் நண்பரின் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தபோது, ‘நீலம்’ என்பதை அடித்து ‘பச்சை’ என்று எழுதி முத்திரை இட்டிருந்தது. திருமண அவசரத்திலும் அவர் தந்தையார் அதைச் செய்திருக்கிறார். வெள்ளையடித்த மகன் செய்யவில்லை! ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று தனியே பதிய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது, ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்கள் கொண்ட தனி எண் கிடைக்கும். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் காட்சி, ஊர்வலம், எண்ணெய் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். ஞாயிறுதோறும் சோமேசுவரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றிருந்த நண்பருக்கு அது ஒத்து வரவில்லை. பழைய எண்ணே போதும் என்றார்.

இறுதியில் முடிவு இவ்வாறு அமைந்தது. ஹெரால்டின் தகடுகள் போல்ட்டில் பூட்டியவை என்று முன்பே சொன்னோம் அல்லவா? பானெட், கதவுகள், டிக்கி மூடி ஆகியவற்றைக் கழற்றி, எஞ்சிய உடலை ஒரு சிறு லாரியில் ஏற்றி, மேஸ்திரியின் மகன் வேலை செய்யும் பட்டறைக்கு அனுப்பினோம். வெற்றுத் தகட்டுக்கு அங்கே எபாக்சி பிரைமர் அடிக்கப்பட்டது. துருவுக்கு இன்றுள்ள காவல்களில் அது நல்லது. கல்லும் சேறும் அடிக்கும் சட்டகத்துக்கும் அடிப்பகுதிக்கும், கண்ணில் படாத இடமாதலால், பி.யூ.வை மகன் குழாய் முகமூடி அணிந்து அடித்தார். கண்ணில் படும் வெளியுடல் முழுவதும் என்.சி. பச்சை. அதை அந்த அறையிலேயே, மாசி மாதத்தில், தந்தையார் அடித்தார். காற்றை உறிஞ்சும் அறையில் நின்று வேலை செய்வது அவருக்கு அதுவே முதல்முறை. அன்று இரவு தலைவலி வரவில்லை என்று மறுநாள் வியப்போடு சொன்னார்.

என்.சி.யைத் தேர்ந்ததற்கு நண்பர் சொன்ன காரணம் எளியது: “நாளைக்கு ஒரு மாட்டு வண்டி உரசினால், மேஸ்திரி வீட்டு வாசலிலேயே அந்த இடத்தை மட்டும் சரி செய்துவிடுவார்.” மர்பி டவுனில் மாட்டு வண்டியைத் தேட வேண்டும், ஆட்டோக்கள் அக்குறையைத் தீர்த்துவைக்கும். தினமும் வெயிலில் நிற்கும் வண்டியாக இருந்திருந்தால் நாம் பி.யூ.வையே சொல்லியிருப்போம். நிழலில் நின்று, வாரம் ஒருமுறை ஓடி, ஆண்டுக்கு ஒருமுறை மெருகேற்ற ஆள் கிடைக்கும் வண்டிக்கு என்.சி. போதும்.

கையுறைப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் தேய்க்காமல், பூசாமல் விட்டிருக்கிறோம். அங்கே சென்னைத் தொழிற்சாலையின் நீலம் அப்படியே இருக்கிறது.

சென்ற பங்குனியில் வேலூரிலிருந்து அக்காள் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் தடவிப் பார்த்து, “தம்பி, அன்றைக்கு இதைவிடக் கறுத்த பச்சையாக இருந்ததே” என்றார். கண்ணாடி ரப்பருக்கு அடியில் வெயில் படாமல் இருந்த பச்சையோடு ஒப்பிட்டுக் கலந்த நிறம் என்று தம்பி எவ்வளவோ எடுத்துரைத்தார். “நான் ஏறியது இராத்திரியில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்” என்றார் அக்காள். மேஸ்திரி உடனே, இன்னும் மெருகு போடவில்லை, மெருகு ஏறினால் நிறம் ஒரு படி கறுக்கும் என்றார். அது உண்மைதான், தேய்த்து மங்கிய என்.சி. படலம் மெருகில் ஆழம் பெறும். படலம் ஆறுவதற்காக விட்டிருந்த ஆறு வாரத்தில் அப்போது நான்கு வாரமே கழிந்திருந்தது. அக்காள் இன்னும் இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போவதாக வேலூருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.